பிரகலாதனும் லோகிதாசனும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறச் சிறார்க்கு அறம் புகட்டிய கதைகள் குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சிறார்க்குத் துணிவையும் நேர்மையையும் புகட்டுவது எவ்வாறு என்ற வினா எழும்போதெல்லாம் சமய நம்பிக்கையும் குடும்ப விழுமியங்களும் அதற்கு விடையாக முன்வைக்கப்படுகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் ஆலயத் திருவிழா உரைகளிலும் நன்னெறிக் கல்விப் பட்டறைகளிலும் இவ்விடை ஏறத்தாழ ஒரே சொற்களில் கூறப்படுவதை நாம் கேட்டு வருகிறோம். இறைவனை நம்பும் பிள்ளை அஞ்சாது. பெற்றோர் சொற்கேட்கும் பிள்ளை பொய் பேசாது என்பது இதன் சாரம்.

இவ்விடை பிழையானது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம்பிக்கையும் குடும்பமும் எப்பொழுதும் ஒரே திசையில் இழுக்கும் இரு மாடுகள் என்று இது கருதிக்கொள்கிறது, அக்கருத்தே ஆராயத்தக்கது. நம் மரபில் துணிவுக்கும் நேர்மைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதைகளுட் பலவும் இவ்விரண்டும் மோதிக்கொள்ளும் இடத்திலேயே பிறக்கின்றன. அம்மோதலை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் கற்பித்தால் எஞ்சுவது கீழ்ப்படிதலேயன்றி அறமன்று என்பது இக்கட்டுரையின் துணிபு. நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறச் சூழலைக் களமாகக் கொண்டு, அரிச்சந்திரன், பிரகலாதன் ஆகிய இரு கதைகளை முதன்மையாக வைத்து இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

1. தோட்டமும் அதன் மூன்று கல்விக்கூடங்களும்

போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு, பஹாவ் ஆகிய வட்டாரங்களில் பரவியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் நெகிரி செம்பிலான் தமிழரின் வாழ்வை ஒரு நூற்றாண்டுக் காலம் வடிவமைத்தன. இன்று அவற்றுட் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன; சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆயினும் லின்சம், சுவா பெத்தோங், பிரட்வால், கெர்பி, கெடிஸ் என்னும் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் 'தோட்டம்' என்ற சொல்லோடு சேர்ந்து நிலைத்துள்ளன.

தோட்டத்துச் சிறார்க்கு மூன்று கல்விக்கூடங்கள் இருந்தன எனலாம். முதலாவது லயத்து வீடு. வைகறையில் பெரட்டுக்குச் செல்லும் தாய், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். சற்றே வளர்ந்த பிள்ளைகள் மங்கு துடைத்தும் கட்டிப்பால் பொறுக்கியும் பெற்றோருக்கு உதவினர். இரண்டாவது பள்ளிக்கூடம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்துதல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. தொடக்கக் காலத்தில் கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியராய் இருந்த பள்ளிகள் பல. மூன்றாவது கோயில். லயங்களுக்கு அருகில் மாரியம்மனும் எல்லையில் முனியாண்டியும் அமைந்தமை பெரும்பாலான தோட்டங்களின் பொது அமைப்பு. ஆண்டுத் திருவிழாவும் அதனையொட்டிய நாடகமும் கதைகள் சிறாரைச் சென்றடையும் வழிகளாயின.

இம்மூன்றையும் வேலியிட்டு நின்றது தோட்டத்தின் அதிகார அடுக்கு. துரை, கிராணி, தண்டல், தொழிலாளி என்ற வரிசை களத்தில் மட்டுமன்றிக் கோயிலிலும் தொடர்ந்தது. திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்பதில் குழந்தை கற்றுக்கொண்ட பாடம், மேடையில் நடிக்கப்பட்ட கதையின் பாடத்தோடு எப்போதும் ஒத்திருந்ததில்லை. தோட்டப்புற அறக்கல்வியை ஆராய்வோர் கதை, அது கேட்கப்பட்ட இடம் ஆகிய இரண்டையும் ஒருசேர நோக்குதல் இன்றியமையாதது.

2. கடனுக்கு விலைபோன குடும்பம்

அரிச்சந்திரன் கதை தமிழில் 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வீரகவிராயரின் 'அரிச்சந்திர புராண'மாகவும், பின்னர் நாடகமாகவும் வழங்கி வந்துள்ளது. முத்துக் குமாரசாமி இந்நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1863இல் இலண்டனில் வெளியிட்டார். தோட்டத்து மேடைகளிலும் இந்நாடகம், சிறப்பாக அதன் மயான காண்டம், பெரிதும் விரும்பப்பட்டது. இதற்கு அழுகைச் சுவை மட்டுமே காரணம் என்று கொள்வது பொருந்தாது.

கதையின் இயக்கம் ஒரு கடனைச் சுற்றியது. விசுவாமித்திரருக்குக் கொடுக்க வேண்டிய பொருளுக்காக அரசன் நாட்டை இழக்கிறான். மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் விற்கிறான். இறுதியில் தன்னையும் விற்று, சுடலை காக்கும் வேலையை ஏற்கிறான். கடனை வசூலிக்க உடன் அனுப்பப்பட்ட நட்சத்திரேசன் வழிநெடுகத் தொல்லை தருகிறான். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையின்கீழ் நிகழ்ந்த ஆளெடுப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. இவ்விரு முறைகளிலும் முன்பணமும் கப்பற்செலவும் தொழிலாளியின் தலைமேற் கடனாய் ஏறின. இவற்றின் வழி வந்தோர்க்கு இக்கதை புராணமாக மட்டும் தோன்றியிருக்க இயலாது. கடனுக்காக ஊரைவிட்டு நடப்பதும், தலைக்கு விலை பேசப்படுவதும், உடன்வரும் ஆளின் அதட்டலும் அவர்கள் அறிந்தவையே. நட்சத்திரேசனின் முகத்தில் அவர்கள் ஒரு கங்காணியைக் கண்டிருத்தல் கூடும்.

இக்கதையின் அறவுச்சம் சுடலையில் நிகழ்கிறது. அரவு தீண்டி இறந்த மகனைத் தாய் சுமந்து வருகிறாள். அவளிடம் பிணம் சுடுவதற்குரிய கூலியைக் காவலன் கேட்கிறான். இறந்தவன் தன் மகனே என்று அறிந்த பின்னரும், தன் தலைவனுக்குரிய பங்கைத் தள்ளுபடி செய்யும் உரிமை தனக்கில்லை என்கிறான். நேர்மை என்பது இங்குப் பொய் பேசாமை என்ற குறுகிய பொருளைக் கடந்து, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தன் துயரத்துக்காகவும் கையாடாமை என விரிகிறது. பாலில் நீர் கலவாத தொழிலாளிக்கும் நிறுவையில் குறை வைக்காத கிராணிக்கும் பொருந்தும் இலக்கணம் இது.

ஆனால் இதனைக் கற்பிக்கும்போது இரு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, நேர்மை கீழிருப்போனிடம் மட்டுமே எதிர்பார்க்கப்படுவது. சுடலைக் காவலனின் நேர்மை சோதிக்கப்படுகிறது. அவனை அந்நிலைக்குத் தள்ளிய முனிவரின் நேர்மை கேள்விக்குள்ளாவதில்லை. சோதனை முடிந்ததும் அனைத்தும் திருவிளையாட்டு என அமைகிறது. தோட்ட வாழ்விலும் நிலை இதுவே. தொழிலாளியின் பால் வாளி ஆராயப்பட்டது. நிறுவைத் தராசை ஆராயத் தொழிலாளிக்கு வழியில்லை. இக்கதை இவ்வொழுங்கை உறுதிப்படுத்தவும் உதவியிருக்கலாம். உள்ளுக்குள் அதனைக் கேள்வி கேட்கவும் உதவியிருக்கலாம். எது நிகழ்ந்தது என்பது கதையை எடுத்துச் சொன்னவரைப் பொறுத்தது.

இரண்டாவது சிக்கல் சாதி பற்றியது. முனிவர் அனுப்பிய தாழ்த்தப்பட்ட குலப் பெண்களை மணக்க மறுத்தே அரசன் நாட்டைத் துறக்கிறான். பின்னர் சுடலைத் தலைவனான வீரவாகுவிடம் அடிமையாகிறான். முதல் நிகழ்ச்சியைச் சொல்லாது விடுவதும், இரண்டாவதை அரசனின் 'வீழ்ச்சி' என்று மட்டும் சொல்வதும் நம் வகுப்பறை வழக்கம். தமிழக ஊர்களில் சுடுகாட்டு வாயிலில் அரிச்சந்திரனுக்கு வழிபாடு நிகழ்வதையும், சுடலைத் தொழிலாளர் அவனைத் தம் முன்னோனாகப் போற்றுவதையும் நோக்கினால் அவனது அடிமைத் தொழிலே அவனது பெருமை எனக் கொண்ட மற்றொரு வாசிப்பு மக்களிடையே உண்டென்பது விளங்கும். உழைப்பைத் தாழ்வாகக் கருதாமை என்னும் அறத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதனினும் சிறந்த இடம் இக்கதையில் இல்லை.

இவை யாவற்றுக்கும் மேலாக, கேட்கும் குழந்தை இக்கதையில் யாரோடு தன்னை இனங்காணும் என்ற வினா உள்ளது. அது அரசனன்று, லோகிதாசனே. அவன் விற்கப்படுகிறான், தருப்பை அறுக்க அனுப்பப்படுகிறான், இறக்கிறான். தந்தையின் வாய்மைக்கு விலை கொடுப்பவன் அவன்; ஆனால் அவ்விலையைப் பற்றி அவனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. குழந்தைக்கென இக்கதை வைத்துள்ள ஒரே பண்பு, பேசாது ஏற்றலாகும். ஒருவன் தன் வாய்மையைக் காக்கப் பிறர் உயிரைச் செலவிடலாமா என்ற கேள்வியை எழுப்பாமல் இக்கதையைக் கற்பித்தால் நாம் குழந்தைக்குக் கற்பிப்பது வாய்மையன்று. பலியாவதற்கான பக்குவம் மட்டுமே.

3. பேசும் குழந்தை

இதற்கு எதிர்முனையில் நிற்பது பிரகலாதன் கதை. கம்பர் இதனை யுத்த காண்டத்துள் இரணியன் வதைப் படலமாக அமைத்து, வீடணன் இராவணனுக்குக் கூறும் அறிவுரையாக்கினார். அதிகாரத்தின் முன் அஞ்சாது பேசுவோன் ஒருவன், அங்ஙனம் பேசிய சிறுவன் ஒருவனின் கதையைச் சொல்வதாக இது அமைந்தமை கருதத்தக்கது. இக்கதையில் தந்தையே அரசன். அரசனே ஆசிரியருக்கு ஆணையிடுபவன். குடும்பம், அரசு, பள்ளி ஆகிய மூன்றும் ஒரு குழந்தைக்கு எதிராக நிற்கின்றன. பிரகலாதன் தந்தையை இகழவில்லை, ஓடி ஒளியவுமில்லை. கேட்கும்போதெல்லாம் தான் உண்மையென்று அறிந்ததையே திரும்பச் சொல்கிறான். துணிவும் நேர்மையும் ஈண்டு இரண்டல்ல; உண்மையைச் சொல்லுதலே துணிவாகிறது.

இக்கதை மலாயாவில் ஒரே குரலில் ஒலித்ததில்லை. பெரியார் ஈ.வெ.ரா. 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்தபின் சுயமரியாதைக் கருத்துகள் இங்கு வலுவாக வேரூன்றின. பாரதிதாசன் 1934இல் எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகம் இரணியனை வீரத் தலைவனாக்கி மரபுக் கதையைத் தலைகீழாக்கியது. பத்தர் வீடும் பகுத்தறிவாளர் வீடும் அடுத்தடுத்து அமைந்த வாழ்விடங்களில் ஒரே கதையின் இரு வடிவங்களும் சிறார் காதில் விழ வாய்ப்பிருந்தது. துணிவின் ஊற்று சமய நம்பிக்கை ஒன்றே என்று வலியுறுத்துவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறைமறுப்பாளர் இல்லங்களும் நேர்மையான பிள்ளைகளை வளர்த்துள்ளன. இரு சாராருக்கும் பொதுவாயிருந்தது, தான் ஏற்றுக்கொண்ட ஒன்றுக்காக இழப்பைத் தாங்கும் மனநிலையாகும்.

அப்பர் வரலாற்றையும் இங்கு இணைத்துக் காணலாம். பல்லவ அரசனின் ஆணையை ஏற்க மறுத்தவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டதையும், நஞ்சூட்டியதையும், யானையை ஏவியதையும், கல்லொடு பிணித்துக் கடலில் எறிந்ததையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. 1965இல் நிறுவப்பெற்ற மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாக்களில் பங்கேற்கும் சிறார் இவ்வரலாற்றோடு தொடர்புடைய பதிகங்களை இனிமையாகப் பாடுகின்றனர். இப்பணி போற்றுதற்குரியது. எனினும் மனனமும் உச்சரிப்பும் இசையும் பயிற்றப்படும் அளவுக்கு, அப்பதிகம் பிறந்த சூழல் பயிற்றப்படுகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. அரசாணைக்கு எதிராய் எழுந்த குரல், பரிசுக் கோப்பைக்கான குரலாகச் சுருங்கிவிடலாகாது.

4. தந்தையின் அச்சமும் தந்தையின் துணிவும்

கதைகள் கற்பித்ததைவிட, குழந்தை தன் கண்ணால் கண்டது வலிமையானது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டிய தந்தையை அது கண்டது. அதே தந்தை மாலையில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பி வீட்டில் அதட்டியதையும் கண்டது. வெளியே அடங்கியிருப்பவன் வீட்டில் அடக்கியாள்வதே துணிவு என்ற தவறான பாடம் இவ்வாறு பல லயங்களில் பதிந்தது. 'குடும்ப விழுமியம்' என்று நாம் பொதுப்படப் பேசும்போது, அக்குடும்பம் எத்தகைய அழுத்தத்தின்கீழ் வாழ்ந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இதற்கு மாறான பாடமும் அதே மண்ணில் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தின்போது முன்வைத்த கோரிக்கைகளை நோக்குக. ஊதிய உயர்வோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், அதிகாரிகளைக் கண்டு மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பனவும் அவற்றுள் இடம்பெற்றன. தன்மானம், குடும்ப நலம், குழந்தைக் கல்வி ஆகிய மூன்றும் ஒரே பட்டியலில் அமைந்தமை தற்செயலன்று. தந்தை நிமிர்ந்து நின்றால் மகன் நிமிர்வான் என்பதை அத்தொழிலாளர் எந்த அறநூலின் துணையுமின்றி உணர்ந்திருந்தனர்.

போருக்குப் பின் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் தொழிற்சங்கம் காலூன்றியது. சிரம்பானைத் தளமாகக் கொண்டு அப்பணியில் ஈடுபட்ட பி.பி. நாராயணன், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராக விளங்கினார்; பின்னாளில் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் உயர்ந்தார். சங்கத்தின் பிற்காலச் செயற்பாடுகள் குறித்துப் பல விமரிசனங்கள் உண்டு. ஆயினும் நிறுவைத் தராசையும் கேள்வி கேட்கலாம், அதனை நாகரிகமாகவும் கூட்டாகவும் கேட்கலாம் என்ற பாடத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முதலாகக் கண்ணாரக் கண்டது அச்சங்கங்களின் வழியாகவே எனலாம்.

5. பட்டியலாகிவிட்ட நெறிகள்

1983ஆம் ஆண்டில் கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்தோடு நன்னெறிக் கல்வி தொடக்கப்பள்ளிகளில் அறிமுகமானது. இசுலாமிய மாணவர்க்குச் சமயக் கல்வியும் ஏனையோர்க்கு நன்னெறிக் கல்வியும் என்பது ஏற்பாடு. அப்போது வகுக்கப்பட்ட 16 நெறிகளுள் துணிவும் நேர்மையும் இடம்பெற்றன. 2011இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் 14 நெறிகளை வகுத்து, இறை நம்பிக்கையை முதலாவதாக வைத்தது. நன்னெறிச் சிந்தனை, நன்னெறி உணர்வு, நன்னெறி நடத்தை என்னும் முக்கூறுகளை அது வலியுறுத்தியமை பாராட்டத்தக்க முன்னேற்றமாகும்.

ஆயினும் பட்டியல் என்ற வடிவத்திற்கே ஒரு குறை உண்டு. அதில் துணிவு ஓரிடத்திலும் நேர்மை வேறோரிடத்திலும் நிற்கும். இறை நம்பிக்கை, நன்றியுணர்வு, மரியாதை ஆகியவை ஒன்றையொன்று முட்டாமல் வரிசையாய் அமர்ந்திருக்கும். இடைநிலைப்பள்ளித் தேர்வுக்காக 36 நெறிகளின் விளக்கங்களை மாணவர்கள் எழுத்துப் பிசகாமல் மனனம் செய்த காலம் ஆசிரியர்கள் நன்கறிந்ததே. வாழ்விலோ நண்பனுக்குக் காட்டும் விசுவாசமும் ஆசிரியரிடம் உண்மை கூறுதலும் ஒரே கணத்தில் மோதுகின்றன.

நேர்மையிலிருந்து பிரிந்த துணிவு எங்குச் சென்று சேரும் என்பதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. தோட்டங்கள் கைமாறியபின் நீலாய், லாபு, சிரம்பான் புறநகர்ப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள், பழைய கோயிலையும் கூட்டுவாழ்வையும் இழந்து அடுக்ககங்களில் வாழத் தொடங்கின. 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றுட் சிலவற்றில் நம் இளைஞர் பெருமளவில் சிக்கியிருந்தமை பொதுவெளியில் பேசப்பட்டது. அவ்விளைஞர்களிடமும் துணிவு உண்டு, விசுவாசம் உண்டு, பலரிடம் தெய்வ பத்தியும் உண்டு. மதுரை வீரனின் அரிவாளை அறிந்த அவர்கள், அவன் கதையில் உள்ள அநீதியான தண்டனையையும் அதன் பொருளையும் அறிய வாய்ப்பின்றிப் போயினர். காவல் தெய்வத்தின் வீரம் பிறரைக் காப்பதற்கானது என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் இருக்கவில்லை என்பதே உண்மை.

6. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இளஞ்சிறார்க்கு அறச்சிக்கல்களை அறிமுகப்படுத்தினால் அவர்கள் குழம்புவர். பிரகலாதனைக் காட்டினால் பெற்றோரை எதிர்க்கத் துணிவர் என்று ஆசிரியர் சிலர் மறுக்கக்கூடும். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. அற வளர்ச்சி படிநிலைகளில் நிகழ்வது என்ற கோல்பெர்க்கின் கோட்பாடும் வயதுக்கேற்ற அணுகுமுறையை வேண்டி நிற்கிறது. ஆயினும் அவரே அறச்சிக்கல்களைப் பற்றிய உரையாடலைத்தான் வளர்ச்சிக்கான வழியாகக் கண்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

காந்தியடிகளின் தன்வரலாறு இங்கு நமக்குத் துணைபுரிகிறது. சிறுவயதில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு, எல்லோரும் ஏன் அவ்வாறு வாய்மையுடையவராய் இருத்தல் கூடாது என்று தம்மையே கேட்டுக்கொண்டதாக அவர் எழுதுகிறார். பலரும் எடுத்துக்காட்டும் பகுதி இது. அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சி உள்ளது. தமையனின் காப்பிலிருந்து பொன்னைத் திருடிய குற்றத்தை எழுதி, நோயுற்றிருந்த தந்தையிடம் நடுங்கும் கையோடு கொடுக்கிறார். தந்தை அதைப் படித்துக் கண்ணீர் வடிக்கிறார், தாளைக் கிழித்துவிடுகிறார், அடிக்கவில்லை. நாடகம் வாய்மையின் மேல் வேட்கையை உண்டாக்கியது. அவ்வேட்கை செயலாக மாறியது தந்தையின் முன்னிலையில்தான். குடும்பம் சிறாரின் நேர்மைக்கு அளிக்கக்கூடிய மிகப்பெரும் கொடை அறிவுரையன்று. உண்மையைச் சொன்னால் அழிந்துவிடமாட்டோம் என்ற உறுதியே. பிரம்பு மட்டும் பேசும் வீட்டில் பிள்ளை முதலில் கற்பது பொய்யாகும். ஆகவே பிரகலாதன் கதை இரணியனைப் பற்றிய எச்சரிக்கையாகப் பெற்றோர்க்கும் உரியது. அதனைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதெனக் கருதுவது தவறு.

தமிழாசிரியர்கள் வகுப்பறையில் மேற்கொள்ளத்தக்க சில நடைமுறைகளை இவற்றின் அடிப்படையில் கூறலாம். கதையைச் சொல்லி முடித்ததும் நீதியை ஆசிரியரே கூறிவிடாமல், லோகிதாசன் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று மாணவரை எழுதச் செய்யலாம். சுடலையில் கூலி கேட்டது சரியா என்று இரு அணிகளாக வாதிடச் செய்யலாம். திருமுறைப் பயிற்சியின்போது பாடலுக்கு முன் அதன் சூழலை ஐந்து நிமிடமேனும் விளக்கலாம். புராணக் கதையோடு பாட்டனார் பாட்டியாரின் தோட்ட அனுபவத்தையும் கேட்டு எழுதிவரப் பணிக்கலாம். யார் யாருக்கு அஞ்சினர், யார் அஞ்சாது பேசினர் என்ற வினா இல்லத்திலேயே ஓர் உரையாடலைத் தொடக்கிவைக்கும். பால்மரம் சீவிய தலைமுறை மறைந்துவரும் இந்நாளில் இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.

முடிவுரை

நம்பிக்கையும் குடும்பமும் சிறாரின் அறவாழ்வுக்கு அடித்தளங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை ஒன்றையொன்று சோதிக்கும் இடங்களை நம் முன்னோர் கதைகளில் மறைத்துவைக்கவில்லை. அரிச்சந்திரன் கதை, வாய்மைக்கு விலை உண்டென்றும் அவ்விலையைச் செலுத்துவோர் யாரென்று கேட்கவேண்டும் என்றும் உணர்த்துகிறது. குழந்தையும் உண்மையின் பக்கம் நிற்கவல்லது என்பதைப் பிரகலாதன் கதையிலும், அஞ்சாமை பலர் சேர்ந்து பயிலும் பண்பு என்பதைத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலும் காண்கிறோம். இவற்றைப் பிரித்துப் பட்டியலாக்காமல் சேர்த்துக் கற்பித்தால், தோட்டத்தின் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் பள்ளிகள் அப்பெயருக்குரிய வரலாற்றுக் கடமையை நிறைவேற்றியவையாகும்.